ஹர்லிங்: பதினைந்து வயதில் பிள்ளைகள் ஏன் மட்டையைக் கீழே வைக்கிறார்கள்?

ஷானன்கரை | செவ்வாய், இரவு 10:40

இப்போதுதான் மைதானத்திலிருந்து வந்தேன். மனசு ஆறவில்லை, அதனால் நேராக இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அயர்லாந்தில் லிமெரிக், டிப்பரரி கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தொட்டுக்கொள்கிற எல்லையில் ஒரு சின்ன ஊரில் ஒன்பது வருடமாக இருக்கிறோம். பையனுக்கு ஆறு வயது இருக்கும்போது வந்தோம். பள்ளியில் சேர்த்த முதல் வாரமே பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சின்ன மட்டையும் பழைய ஹெல்மெட்டும் கொண்டுவந்து கொடுத்து, சனிக்கிழமை பத்து மணிக்கு அனுப்பி வையுங்கள் என்றார். காசு வாங்கவில்லை. எங்களை இந்த ஊரோடு சேர்த்து வைத்தது அந்த மட்டைதான். முதலில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அப்புறம் தண்ணீர் பாட்டில் தூக்கினேன். இப்போது 15 வயதுக்குட்பட்ட அணியின் கோச்சுக்குக் கைத்துணை நான்தான்.

இன்று பயிற்சிக்கு வந்தது பதினொரு பேர். இதே பையன்கள் பத்து வயதில் முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். மழையில்கூட வந்தார்கள். முழு அணிக்கு 15 பேர் வேண்டும். பதினொரு பேரை வைத்துக்கொண்டு எந்த ஆட்டம் ஆடுவது? பக்கத்துப் பங்கோடு சேர்ந்து ஒரே அணியாக ஆடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறோம். (பங்கு என்றால் நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் சொல்வார்களே, தேவாலய வட்டாரம், அதுதான். இங்கே க்ளப் என்பது பெரும்பாலும் அந்த வட்டாரத்தின் க்ளப்.)

திரும்பி வரும்போது காரில் பையன் சொன்னான். "அப்பா, இந்த சீசனோட நிறுத்திக்கிறேன்."

ஏன் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நான் பி டீம்னு எனக்குப் பத்து வயசுலேயே தெரியும்ப்பா" என்றான்.

அதற்கு மேல் ஓட்ட முடியாமல் கொஞ்ச நேரம் ஓரமாக நிறுத்தினேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அயர்லாந்தின் சொந்த ஆட்டம். ஆஷ் மரத்தில் செய்த வளைந்த மட்டை, தக்கையை நடுவில் வைத்துத் தோல் தைத்த பந்து. பந்தின் பெயர் ஸ்லிட்டர். தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது, மட்டையால்தான் நெம்பி எடுக்க வேண்டும். கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் ஓடக் கூடாது, அதற்குமேல் ஓட வேண்டுமானால் பந்தை மட்டையின் நுனியில் ஏந்திக்கொண்டே ஓட வேண்டும். H வடிவக் கம்பத்தில் குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் 1, கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3. யாருக்கும் சம்பளம் கிடையாது. 82,000 பேர் உட்கார்ந்து பார்க்கிற டப்ளின் க்ரோக் பார்க்கில் இறுதியாட்டம் ஆடுகிறவரும் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்தான்.

என் கேள்வி இரண்டு. ஒன்று, பிள்ளைகள் இந்த வயதில் ஏன் விலகுகிறார்கள், உங்கள் ஊரிலும் இப்படித்தானா? இரண்டாவது, பெரியவர்கள் எல்லாரும் "முன்பெல்லாம் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு ஆட்டம் இருந்தது, இப்போது எல்லாரும் ஒரே மாதிரி ஆடுகிறார்கள்" என்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

——

நோர்_ஆற்றங்கரை | செவ்வாய், இரவு 11:55

தம்பி, பையனை இன்றைக்கே எதுவும் கேட்காதீர்கள். தூங்கட்டும்.

இரண்டாவது கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இருக்கிறது. நான் கில்கென்னிக்கு வந்தது 2008. அந்த வருட அகில அயர்லாந்து இறுதியாட்டத்தில் கில்கென்னி வாட்டர்ஃபோர்டை 3-30க்கு 1-13 என்று புரட்டி எடுத்தது. (3 கோல், 30 பாயின்ட். கூட்டினால் 39. எதிரணிக்கு 16.) 2006 முதல் 2009 வரை நான்கு கோப்பை வரிசையாக எடுத்த அணி அது. பிரையன் கோடி மேனேஜர். ஊரில் வேறு பேச்சே இல்லை. கில்கென்னி சீனியர் கேலிக் கால்பந்துச் (அயர்லாந்தின் இன்னொரு சொந்த ஆட்டம், உலகம் ஆடுகிற கால்பந்து இல்லை) சாம்பியன்ஷிப்புக்கு அணியே அனுப்புவதில்லை, அத்தனை பிள்ளைகளும் ஹர்லிங்தான். 36 முறை கோப்பை வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பக்கத்துவீட்டுத் தாத்தாவோடு உட்கார்ந்துதான் ஆட்டம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டே எந்த கவுண்டி என்று சொல்லிவிடலாம் என்பார். மிகையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பழைய ஆட்டங்களின் வீடியோக்களைத் தேடிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. டிப்பரரி, ஆஃபலி அணிகள் பந்தைத் தூக்கவே மாட்டார்கள். தரையோடு வருகிற பந்தைத் தரையிலேயே ஓங்கி இழுத்து அடிப்பார்கள். மட்டையும் மட்டையும் மோதுகிற சத்தம் படபடவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். வெக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் ஆஜானுபாகுவான ஆட்கள், 1950களில் தலைக்கு மேலே வருகிற பந்தை நாலு மட்டைகளுக்கு நடுவில் கையை நீட்டிப் பிடிப்பதை ஒரு கலையாகவே ஆக்கினார்கள். கார்க் என்றால் வேகம், மணிக்கட்டு. கில்கென்னியின் அடையாளம் எனக்குத் தெரிந்து இரண்டு: உயரப் பிடிப்பது ஒன்று, எதிராளி மட்டையை ஓங்கும்போது பின்னாலிருந்து தன் மட்டையை நீட்டி அதைக் கொக்கி போட்டு நிறுத்துவது இன்னொன்று. அந்தக் கொக்கிக்குப் புள்ளி எதுவும் கிடையாது. ஆனால் அதற்குத்தான் இந்த ஊரில் கூட்டம் எழுந்து நிற்கும்.

மட்டையின் பெயர்கூட வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. எங்கள் பக்கம் "ஹர்ல்". கார்க்கில் அப்படிச் சொன்னால் திருத்துவார்கள், அங்கே "ஹர்லி".

இது எப்படி மாறியது என்பதற்கு ஒரு உதாரணம். 2004 வாக்கில் கார்க் வட்டாரத்தில் நியூடவுன்ஷாண்ட்ரம் என்கிற ஒரு கிராம க்ளப் நீளமாக அடிப்பதை விட்டுவிட்டு, ஓடி, கைக்குக் கை கொடுத்து, பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஆடி அகில அயர்லாந்து க்ளப் கோப்பையை எடுத்தது. கார்க் அணியும் அதே வழியில் 2004, 2005 கோப்பைகளை வென்றது. 2013-இல் கிளேர் அணி அதை இன்னும் மெருகேற்றிக்கொண்டு ஜெயித்தது. அப்போது கிளேரின் கோச் பால் கின்னர்க். அதே கின்னர்க் பிறகு லிமெரிக் போனார். 45 வருடம் கோப்பையே பார்க்காத லிமெரிக் 2018-இல் வென்றது, பிறகு 2020 முதல் 2023 வரை நான்கு. நல்ல கோச் எங்கே போகிறாரோ ஆட்டம் அங்கே போகிறது. போட்டி முடிந்த மறுநாளே எல்லா அணிகளும் வீடியோவில் அலசி எடுத்துவிடுகின்றன. பிறகு எப்படி கவுண்டிக்கு ஒரு ஆட்டம் தங்கும்?

எண்களையே பாருங்கள். 1956 இறுதியாட்டத்தில் வெக்ஸ்ஃபோர்டு ஜெயித்தது 2-14 எடுத்து. 2021-இல் லிமெரிக் எடுத்தது 3-32. மட்டையின் நுனி அகலமாகிவிட்டது, மைதானங்கள் சமமாக, காய்ந்து கிடக்கின்றன. ஆட்கள் எண்பது மீட்டரிலிருந்து பாயின்ட் அடிக்கிறார்கள்.

எனக்கு இப்போதைய ஆட்டமும் பிடிக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் தரை அடி போனதில் ஒரு இழப்பு இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

——

தலைநகர் | புதன், காலை 7:20

எண்ணிக்கை குறைகிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். டப்ளின் மேற்குப் புறநகருக்கு வந்து பாருங்கள். சனிக்கிழமை காலையில் ஐந்து வயதுப் பிள்ளைகள் மட்டும் நூறு பேருக்கு மேல் நிற்கிறார்கள். நம் பிள்ளைகள், மலையாளப் பிள்ளைகள், போலந்து, நைஜீரியப் பிள்ளைகள் எல்லாரும். எங்கள் க்ளப்பில் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை, மைதானத்துக்குத்தான் பஞ்சம். ஒரே புல்வெளியை நான்கு வயதுப் பிரிவுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

2022 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை 51 லட்சத்துச் சொச்சம், டப்ளினில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். ஆள் இருக்கிற இடத்தில் நிலம் இல்லை, நிலம் இருக்கிற இடத்தில் ஆள் இல்லை. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஹர்லிங்கை வெறுத்து விலகவில்லை, அண்ணா. உங்கள் ஊரில் பிள்ளைகளே குறைவு. வீடு கட்ட இடம் கிடைக்காத இளம் தம்பதிகள் நகரத்துக்கு வந்துவிட்டார்கள், மிச்சம் பேர் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள்.

——

ஷானன்கரை | புதன், மதியம் 1:05

நீங்கள் சொல்வது பாதி சரி. ஊரில் பிள்ளைகள் குறைந்தது உண்மைதான். ஆனால் அந்த முப்பத்திரண்டு பேரில் ஊரை விட்டுப் போனவர்கள் நான்கு பேர்தான். மிச்சம் பதினேழு பேர் இங்கேயே இருக்கிறார்கள். தினமும் பள்ளிப் பேருந்தில் பார்க்கிறேன். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் என் கேள்வி.

உங்கள் க்ளப்பிலும் ஐந்து வயதில் நூறு பேர். பதினாறு வயதில் எத்தனை பேர்?

——

தலைநகர் | புதன், மதியம் 1:30

சென்ற வருடம் இருபத்தொன்று. நீங்கள் கேட்கும் வரை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

——

கால்வே_தாதி | புதன், இரவு 9:15

வணக்கம். நான் யாழ்ப்பாணம், கால்வேயில் ஆஸ்பத்திரியில் வேலை. மகளுக்குப் பதினாலு, காமோகி ஆடுகிறாள். பெண்பிள்ளைகள் ஆடுகிற ஹர்லிங்தான் காமோகி, அதன் சங்கம் 1904-இலேயே தொடங்கினது.

பெண்பிள்ளைகள் விடுகிற கதையையும் இதில் சேர்க்க வேணும். 2025 வரை அவளவை பாவாடை மாதிரியான அரைக்கால்சட்டை போட்டுத்தான் ஆட வேணும் என்று விதி. மழைக்குள், சேற்றுக்குள், அதை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடுவதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். மாதவிலக்கு நாளில் மகள் பயிற்சிக்கே போகமாட்டாள், வயிற்றுவலி என்று பொய் சொல்லுவாள். மூத்த வீராங்கனைகள் மைதானத்தில் சாதாரண ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு வந்து நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். 2025 மே மாதம் சங்கம் கூடி வாக்கெடுத்து, விரும்பினால் ஷார்ட்ஸ் போடலாம் என்று மாற்றியது. கிட்டத்தட்ட எல்லாரும் ஆதரவு. அப்படி எல்லாருக்கும் சரியாகப் பட்ட ஒன்றுக்கு இத்தனை வருடம் ஏன் எடுத்தது? அந்த வருடங்களில் போன பிள்ளைகள் திரும்பி வரமாட்டார்கள்.

மற்றது, எங்கட ஆட்களைப் பற்றியும் சொல்ல வேணும். முதலில் நானே மகளை விடவில்லை. தடியோடு ஓடுகிறார்கள், பல்லு உடையும் என்று பயம். அவசரப் பிரிவில் வேலை செய்கிறவளுக்கு அந்தப் பயம் இன்னும் கூட. பிறகு கவனித்தேன், வருகிற காயங்களில் அதிகம் விரல்தான். தலையில் அடிபட்டு வருவது அரிது. ஆண்களின் ஆட்டத்தில் 2010 முதல் பெரியவர்களுக்கும் முகக்கம்பியோடு ஹெல்மெட் கட்டாயம். பிள்ளைகள் ஹெல்மெட் இல்லாமல் பயிற்சிக்குக்கூட இறங்க முடியாது.

கால்வேயில் ஹர்லிங் எல்லா இடமும் இல்லை. கவுண்டியின் தெற்கும் கிழக்கும் ஹர்லிங், வடக்கும் மேற்கும் கால்பந்து. இரண்டு ஊர் தள்ளிப்போனால் கடையில் மட்டையே இராது. எங்கட மாகாணத்தில் போட்டி போட வேறு பலமான கவுண்டி இல்லாதபடியால் 2009 முதல் கால்வே ஆண்கள் லெய்ன்ஸ்டர் மாகாணத்தில் போய் ஆடுகிறார்கள்.

——

பழஞ்சுவடி | வியாழன், காலை 8:50

அக்கா சொன்ன "இரண்டு ஊர் தள்ளி மட்டையே இராது" என்பதில்தான் இந்த ஆட்டத்தின் முழு வரலாறும் இருக்கிறது. நான் பெல்ஃபாஸ்டில் இருக்கிறேன், வடக்கிலிருந்து பார்ப்பதால் எனக்கு இது கூடுதலாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

பழைய காலத்தில் ஹர்லிங் ஒரே ஆட்டம் இல்லை. வடக்கில் குளிர்காலத்தில், மெல்லிய மட்டையும் கெட்டியான மரப்பந்தும் வைத்து, கையால் தொடாமல் ஆடுவார்கள். ஸ்காட்லாந்தின் ஷின்டி ஆட்டத்துக்கு உறவு அது. தெற்கில் கோடைக்காலத்தில், அகலமான மட்டை, மென்மையான பந்து, கையில் எடுக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் தெற்கத்தி ஆட்டத்தை நிலக்கிழார்களே புரவலராக நின்று நடத்தினார்கள். தன் குடியானவர்களை அணியாகச் சேர்த்து அடுத்த பண்ணையோடு பந்தயம் கட்டி ஆட வைத்தார்கள். தண்ணீர் தேங்காத சுண்ணாம்புக்கல் நிலம், பெரிய பண்ணை, பரந்த புல்வெளி. அந்த நிலம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இன்றைக்கும் ஹர்லிங் பலமாக இருக்கிறது. கில்கென்னி, டிப்பரரி, கார்க் மூன்றும் சேர்ந்து 2025 வரை 95 கோப்பை. வரைபடத்தில் கோடு போட்ட மாதிரி.

1366-இல் கில்கென்னியில் போட்ட சட்டம், இங்கே குடியேறிய ஆங்கிலேயர்கள் இந்த ஆட்டத்தை ஆடக் கூடாது என்று தடுத்தது. ஆடாமல் இருந்தால் ஏன் தடுக்கப் போகிறார்கள்? அதற்கெல்லாம் அசையாத ஆட்டம் 1840களின் பெரும் பஞ்சத்தில் ஆடிப்போனது. செத்தவர்கள் பத்து லட்சம், கப்பலேறியவர்கள் அதற்கும் மேல். ஆட ஆளில்லை. 1884 நவம்பர் 1 அன்று டிப்பரரி தர்லஸ் ஊரில் ஹேய்ஸ் ஹோட்டலில் மைக்கேல் க்யூசாக்கும் மாரிஸ் டேவினும் இன்னும் சிலரும் கூடி ஜிஏஏ என்கிற கேலிக் விளையாட்டுச் சங்கத்தை ஆரம்பித்தபோது, பல இடங்களில் ஆட்டம் கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது. விதிகளை எழுதும்போது தெற்கத்தி ஆட்டத்தைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொண்டார்கள். வடக்கின் ஆட்டம் தேய்ந்து போனது. ஆன்ட்ரிம் கவுண்டியின் மலைப் பள்ளத்தாக்குகள் மாதிரி சில இடங்களில் மட்டும் ஹர்லிங் விடாப்பிடியாக நிற்கிறது. லாக்கியல் என்ற சின்ன ஊர் 1983-இலும் 2012-இலும் அகில அயர்லாந்து க்ளப் கோப்பையைத் தெற்கத்தி ஜாம்பவான்களைத் தாண்டி எடுத்தது.

ஆக, ஆட்டம் ஒன்றாகி வட்டாரச் சாயல் அழிவது 2004-இல் தொடங்கியது இல்லை. 1884-லேயே ஒருமுறை நடந்துவிட்டது. அதைச் செய்ததால்தான் ஆட்டம் பிழைத்தது என்பதும் உண்மை. பழைய பாணி போனால் ஆட்டமே போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. ஆள் இல்லாமல் போனால்தான் போகும்.

——

நோர்_ஆற்றங்கரை | வியாழன், மாலை 6:30

பழஞ்சுவடி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். நேற்று சொல்ல வந்ததும் இதுதான்.

தரை அடி ஆட்டத்தில் எல்லா விதப் பையனுக்கும் இடம் இருந்தது. குள்ளமான பையன், மெதுவாக ஓடுகிற பையன், தரையில் வருகிற பந்தைச் சரியான நொடியில் இழுத்து அடிக்கத் தெரிந்தால் போதும், அவனும் ஆட்டக்காரன். பந்தைத் தன்னிடமே வைத்து ஆடுகிற இப்போதைய ஆட்டத்தில் அப்படி அடித்தால் "பந்தைத் தூக்கி எறிகிறான்" என்று கோச் கத்துகிறார். எல்லாரும் ஓட வேண்டும், எல்லாரும் உயரமாக இருக்க வேண்டும், எல்லாருக்கும் தோள் வேண்டும். பெரியவர்கள் ஆட்டத்துக்கு அது சரி. அதையே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடமும் எதிர்பார்த்தால், அந்த வயதில் இன்னும் வளராத பையன் வெளியே நிற்கிறான். பதினெட்டில் ஆறடி ஆகிறவனை நாம் பதின்மூன்றிலேயே அனுப்பிவிடுகிறோம்.

தம்பி கேட்ட இரண்டு கேள்விக்கும் தொடர்பு அங்கேதான் இருக்கிறது.

——

இழைப்புளி | வியாழன், இரவு 10:10

மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் கிளேரில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் முப்பது வருடத்துக்கு மேலாக மட்டை செய்கிறார். ஓய்வு நாளில் அவர் பட்டறையில்தான் இருப்பேன்.

ஆஷ் மரத்தில் மேலே உள்ள தண்டு மட்டைக்கு ஆகாது. அடிமரத்தில், வேராக விரிகிற இடத்தில் நாலடி துண்டுதான் வேண்டும். அங்கேதான் மர ரேகை வேரோடு சேர்ந்து வளைந்து போகும். அந்த வளைவிலேயே மட்டையின் வளைவு வரும்படி பலகை அறுப்பார். ரேகை நடுவில் அறுபட்டால் முதல் மோதலிலேயே பிளந்துவிடும். அறுத்த பலகையைக் காய வைத்து, இழைத்து, பிறகு கையில் வாங்கி இரண்டு விரலில் தொங்கவிட்டு எடை பார்ப்பார். கடைசியில் மேசை விளிம்பில் நுனியை வைத்து அழுத்துவார், லேசாக வளைந்து துள்ளி வர வேண்டும். வளையாவிட்டால் ஒரு சீவல். மறுபடி அழுத்துவார். பிள்ளை கூடவே வந்திருந்தால் இடுப்பு எலும்பு வரை அளந்து பார்த்துத்தான் கொடுப்பார். இருபத்தைந்து முப்பது வருடம் வளர்ந்த மரத்தில் சில மட்டைகள்தான் கிடைக்கும்.

2012-இல் லெய்ட்ரிம் கவுண்டியில், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட கன்றுகளில் ஆஷ் மரத்தை நுனியிலிருந்து காய வைக்கிற பூஞ்சை நோயைக் கண்டுபிடித்தார்கள். இன்று நாடு முழுக்க இருக்கிறது. சாலையோரத்தில் இலையில்லாமல் நிற்கிற ஆஷ் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். பெரியவர் மரத்தை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறார், அதுவும் விலை ஏறிக்கொண்டே போகிறது. இப்போது மூங்கிலை ஒட்டிச் செய்த மட்டை வந்திருக்கிறது, கிளேரிலேயே செய்கிறார்கள். செயற்கை இழை மட்டைகளும் இருக்கின்றன. மூங்கில் நன்றாகத்தான் அடிக்கிறது. என் பெண் அதைத்தான் வைத்திருக்கிறாள்.

ஆனால் ஒன்று. வட்டாரத்துக்கு ஒரு மட்டைக்காரர் இருந்த காலத்தில், அந்தந்த ஊர் ஆட்டத்துக்கு ஏற்ற மாதிரி மட்டையின் நீளமும் நுனியும் இருந்ததாகப் பெரியவர் சொல்வார். தரையில் இழுத்து அடிக்கிற ஊருக்கு நீளமான, குறுகிய நுனி. இப்போது அச்சில் வார்த்த மாதிரி எல்லாம் ஒன்று. பட்டறைக்குப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து பார்த்ததும் நின்றுவிட்டது. அவருக்குப் பிறகு செய்ய ஆள் இல்லை, மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

——

தலைநகர் | வெள்ளி, காலை 7:45

இரண்டு நாளாக அந்த நூறும் இருபத்தொன்றும் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நேற்று இரவு க்ளப் செயலாளரோடு பேசினேன். விலகியவர்களில் பெரும்பாலோர் இரண்டு இடத்தில் போகிறார்கள் என்றார். ஒன்று பதின்மூன்று, பதினான்கு: மேல்நிலைப் பள்ளி மாறும்போது. இன்னொன்று பதினேழு: லீவிங் சர்ட் பரீட்சை (நம் ஊர் பிளஸ் டூ மாதிரி, பள்ளியின் கடைசிப் பரீட்சை) வருடம். முன்பு மைனர் பிரிவு 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு. 2018 முதல் கவுண்டி அளவில் அது 17 ஆனது, பரீட்சையோடு மோத வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில். பிறகு பல இடங்களில் க்ளப் பிரிவுகளும் மாறின. ஆனால் பதினேழு முடிந்த பையன் எங்கே போவான்? பெரும்பாலும் நேராக முப்பது வயது ஆட்களோடு ஆட வேண்டும். நல்ல ஆட்டக்காரன் தாக்குப்பிடிப்பான். மற்றவன் பெஞ்சில் இரண்டு மாதம் உட்கார்ந்துவிட்டு ஜிம்முக்குப் போய்விடுகிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கவுண்டி அளவிலேயே "சிறியவர்களை விட்டுவிடலாம்" என்கிற எண்ணம் இருக்கிறது. 2023-இல், ஐந்தோ அதற்கும் குறைவோ பெரியவர் க்ளப் உள்ள கவுண்டிகளை தேசிய ஹர்லிங் லீக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. லெய்ட்ரிம், கேவன், ஃபெர்மனா மாதிரி கவுண்டிகள். எதிர்ப்பு கிளம்பி அதைக் கைவிட்டார்கள். அந்த லெய்ட்ரிமுக்கு ஆடியவர்தான் ஸாக் மொராடி. இராக்கில் அகதி முகாமில் பிறந்த குர்து இனத்தவர், பதினொரு வயதில் அயர்லாந்து வந்தவர். 2019-இல் க்ரோக் பார்க்கில் லெய்ட்ரிம் அணியில், சிறிய கவுண்டிகளுக்கான கோப்பையை வென்றார். லெய்ட்ரிமில் ஹர்லிங்கே இல்லையென்றால் அவர் கையில் யார் மட்டையைக் கொடுத்திருப்பார்கள்?

2005-இல் கார்க் கேப்டனாகக் கோப்பை வாங்கிக்கொண்டு முழுக்க ஐரிஷ் மொழியில் உரையாற்றிய ஷான் ஓக் ஓ ஹால்பின்னின் அம்மா ஃபிஜி நாட்டுக்காரர். வெக்ஸ்ஃபோர்டின் லீ சின்னின் அப்பா மலேசியச் சீனர். நம் பிள்ளைகளுக்கு இவர்களைக் காட்டுகிறேன்.

——

ஷானன்கரை | சனி, இரவு 9:30

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாக நடந்ததைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை கோச்சிடம் போனேன். நல்ல மனிதர், பால் பண்ணை வைத்திருக்கிறார், மாடு கறந்துவிட்டு வருகிறவர். நோர்_ஆற்றங்கரை அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பத்து வயதில் ஏ, பி என்று பிரித்தது தான்தான் என்றும், அப்போது முப்பத்திரண்டு பேர் இருந்ததால் வேறு வழி தெரியவில்லை என்றும் சொன்னார். அந்த வயதில் கோப்பையும் புள்ளிப் பட்டியலும் வேண்டாம், எல்லாரும் ஆட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. எங்கள் க்ளப்பும் புள்ளிப் பட்டியல் போடவில்லை. ஆனால் எந்தப் பையன் எந்த அணி என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

நேற்று அவரும் நானும் விலகிப் போன பதினேழு பையன்களின் வீட்டுக்கும் போவது என்று முடிவு செய்தோம். நேற்றே ஆறு வீடு. திரும்பி வா என்று யாரிடமும் கேட்கவில்லை. ஏன் போனாய் என்று மட்டும் கேட்டோம். ஒருவன் சனிக்கிழமை கடையில் வேலை செய்கிறான், பயிற்சி நேரம் ஒத்துவரவில்லை. இருவர் ஒரு ஆட்டத்துக்குப் போய் ஒரு நிமிடம்கூட இறங்காமல் வந்ததைச் சொன்னார்கள், மூன்று வருடம் கழித்தும் தேதியோடு சொன்னார்கள். ஒருவனுக்கு மட்டை உடைந்திருக்கிறது, வீட்டில் புதிது வாங்கச் சொல்ல மனமில்லை, அப்படியே நின்றுவிட்டான். நாற்பது யூரோவுக்கு ஒரு பையனை இழந்திருக்கிறோம், எங்கள் யாருக்கும் தெரியாது.

இன்று காலை பக்கத்துப் பங்கோடு சேர்ந்து முதல் பயிற்சி. அவர்கள் பக்கம் ஒன்பது பேர், எங்கள் பக்கம் பதின்மூன்று. இரண்டு ஊருக்கும் நூறு வருடப் பகை, வயதானவர்கள் சிலர் வேலியோரம் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கோச் பாதி நேரம் ஒரே ஒரு விதி வைத்தார். யாரும் பந்தைத் தூக்கக் கூடாது, தரையிலேயே அடிக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அந்தச் சத்தம் வந்தது, மட்டையோடு மட்டை, படபடவென்று. வேலியோரம் நின்ற ஒரு பெரியவர் கட்டிய கையை அவிழ்த்துவிட்டுக் கத்த ஆரம்பித்தார்.

என் பையன் வந்தான். ஆடவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று போகிற பந்துகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். முடிகிற நேரத்தில் ஒரு பந்து அவன் பக்கம் தரையோடு உருண்டு வந்தது. எடுக்கவில்லை, வந்த வேகத்திலேயே இழுத்து அடித்து அனுப்பினான். நான் எதுவும் கேட்கவில்லை.

——

கால்வே_தாதி | சனி, இரவு 10:05

தம்பி, அந்த மட்டை உடைந்த பிள்ளையின் உயரம் எவ்வளவு? மகளுக்கு இப்போது சின்னதாகிப்போன 32 அங்குல மட்டை ஒன்று இருக்கிறது, ஆஷ் மரம், பிளவில்லை. வருகிற கிழமை லிமெரிக் பக்கம் வருகிறேன்.

——

இழைப்புளி | சனி, இரவு 10:20

அந்த உடைந்த மட்டையைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். நுனி மட்டும் பிளந்திருந்தால் பட்டை போட்டுச் சரி செய்யலாம். பெரியவரிடம் கொண்டுபோகிறேன். பையனும் கூட வந்தால் நல்லது.

——

ஷானன்கரை | சனி, இரவு 10:45

அவன் அம்மாவிடம் பேசிவிட்டேன் அண்ணே. அடுத்த ஞாயிறு அழைத்துவருகிறேன். என் பையனும் வருகிறேன் என்கிறான். அக்கா, 32 அங்குலம் அவனுக்குச் சரியாக இருக்கும், நீங்கள் இந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.